மீசைச் சாயம் காயும்வரை

“பேசாதீங்க சார், வாய்க்குள்ள எறங்கிரும்” என்றார் சலூன்காரர் மயில்சாமி, மீசையில் சாயத்தை இழுத்துக்கொண்டே. குருபரனுக்கு அதைக் கேட்க நிம்மதியாக இருந்தது. பேச வேண்டாம் என்று ஒரு மனிதர் சொல்லி எத்தனை நாளாயிற்று. ஒரு வாரமாக வீட்டில் சொல்லு சொல்லு என்று ஒரே பிடுங்கல். நாலரைக்கு ராகு காலம் ஆரம்பம், ஞாயிற்றுக்கிழமை, அதற்குள் பொள்ளாச்சிப் பெண் வீட்டுக்கு ஒரு பதில் போயாக வேண்டும். சரி என்று ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் வெள்ளிக்கிழமை இரண்டு வீட்டாரும் உப்புச் சர்க்கரை மாற்றிக் கல்யாணத்தை உறுதி செய்துவிடுவார்கள், அதற்கு முன்னால் தலையில் தெரிகிற நரை தெரியாமல் போக வேண்டும், அதனால்தான் அம்மா காலையிலேயே விரட்டிவிட்டாள். முப்பத்தாறு வயதுக்கு இந்த நரை அதிகம்தான். ஆனால் பாட்டுக்காரர் இராக்லிக்கு இதைவிட அதிகம். இராக்லியின் தாடியில் மோவாய்க்கு நேர்கீழே ஒரு கை அகலத்துக்கு வெள்ளை, அவர் அதை மறைப்பதே இல்லை, மேடை விளக்கு அதன்மேல் விழும்போது அந்தத் தாடை இன்னும் கொஞ்சம் கெட்டிப்பட்டுத் தெரியும். மயில்சாமி அவன் மோவாயைப் பிடித்து இடப்பக்கம் திருப்பினார். தாடை என்றால் அது தாடை. தனக்கு இருப்பது ஏதோ முகம் முடிகிற இடம். மயில்சாமி முப்பது நிமிஷம் ஆகும் என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவப் போனார்.

முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி, நடுவில் கறுப்புச் சேறு பூசிய தலையோடு வரிசையாகக் குருபரன்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் கழுத்தைச் சுற்றி நீலத் துணி. எவன் முகத்திலும் ஒன்றும் இல்லை. பயமாக இருக்கிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தான், இருக்க வேண்டும், ஆனால் கையை மடித்து வைத்துத் தூங்கி எழுந்தால் அந்தக் கை நம்முடையதுதானா என்று தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி இருந்தது. கண்ணாடிக்கு மேலே முடி வெட்டும் மாதிரிகளின் படம், பன்னிரண்டு வெள்ளைக்காரர்கள், பன்னிரண்டு கழுத்துகள். இந்தப் படம் புதுசு. பத்தாவது படிக்கும்போது இருந்த படத்தில் ஒன்பது பேர். ஒரு ஆம்பளை இன்னொரு ஆம்பளையை உற்றுப் பார்த்தால் யாரும் எதுவும் கேட்காத இடம் ஊரிலேயே இந்தக் கடை ஒன்றுதான், எந்த வெட்டு வேணும் பாத்துச் சொல்லு என்று அவர்களே சொல்லுவார்கள், அவனும் பார்த்துக்கொண்டே இருப்பான், கடைசியில் சாதாரணமா வெட்டுங்க என்பான். மூன்றாவது வரிசை ஓரத்தில் இருந்தவனுக்கு மூக்கு லேசாகக் கோணல். அந்தக் கோணல் இன்னும் ஞாபகம் இருக்கிறது, பத்தாவதில் வாங்கிய மார்க் ஞாபகம் இல்லை.

கோணல் மூக்குதான் இராக்லிக்கும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கம்பெனி அவனை ஜெர்மனிக்கு ஆறு வாரப் பயிற்சிக்கு அனுப்பியது, மோட்டார் பம்புகளைச் சோதித்துப் பார்க்கும் ஒரு புது மெஷினுக்காக. அங்கே கூட வேலை பார்த்த ஒருவர் தனக்கு முடியவில்லை என்று ஓபரா டிக்கெட்டைக் கையில் திணித்துவிட்டார். ஓபரா என்றால் வசனமே இல்லாமல் மூன்று மணி நேரமும் பாட்டாகவே நடக்கிற நாடகம் என்பது வரைக்கும் தெரியும். பவுடர் போட்டு, மெத்தென்று, கையைக் கட்டிக்கொண்டு பாடுவார்கள் என்று நினைத்துப் போனான். திரை தூக்கியதும் வந்து நின்ற ஆள் லாரியிலிருந்து இறங்கி வந்தவர் மாதிரி இருந்தார். ஜார்ஜியா நாட்டுக்காரர், அகலத் தோள், நாலு நாள் தாடி, சட்டைக் கைகளை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டிருந்தார், இடது புருவத்தை ஒரு பழைய தழும்பு வெட்டிக்கொண்டு போனது. வாயைத் திறந்தார். சத்தம் வருவதற்கு முன்னால் கழுத்து வந்தது. கழுத்தின் இரண்டு பக்கமும் நரம்பு எழும்பி, தாடை கீழே இறங்கி, நெஞ்சுக்கூடு ஒரு கதவு திறப்பது போல விரிந்து, அதற்குப் பிறகுதான் அந்தக் கட்டைக் குரல். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டு சீட்டுக்கு ஒரு பைனாகுலர் சங்கிலி போட்டு மாட்டியிருந்தது. அதை எடுத்தவன் இறக்கவே இல்லை. பக்கத்து சீட்டில் ஒரு கிழவி, முத்துமாலை, செண்ட் வாசனை, அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவன் முழங்கையை ஒரு விரலால் தட்டினாள். திரும்பினால் சிரிக்கிறாள். எனக்கும் அவரைப் பார்க்க வேண்டும் என்று இங்கிலீஷில் சொன்னாள். எனக்கும் என்றாள். அந்த ‘உம்’மை அவனால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. சங்கிலி குட்டையாக இருந்ததால் அவள் அவன் மடிப்பக்கம் சாய்ந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் ஒன்பது வருஷம். போனில், லேப்டாப்பில், காதில் ஹெட்போன். இராக்லி மட்டும் இல்லை. மலை மாதிரி ஒரு ரஷ்யாக்காரர் இருக்கிறார், சிரித்தால் ஒரு பல் உடைந்திருப்பது தெரியும். ஒரு ஸ்பெயின்காரர், ஆடு மேய்ப்பவராக வந்து கம்பளியை உதறும்போது முன்கை மட்டும் தனியாகத் தெரியும். எல்லாருமே கரடுமுரடான ஆட்கள். வழுவழுப்பான முகங்களை அவன் தள்ளிவிடுவான். தனக்குப் பிடித்தது பாட்டுதான் என்று ரொம்ப நாள் தன்னையே நம்பவைத்திருந்தான், நல்ல குரல்தானே, கலைதானே, யாருக்குத்தான் பிடிக்காது. ஒரு சனிக்கிழமை ஹெட்போனில் சார்ஜ் தீர்ந்துபோய்விட்டது, லேப்டாப்பின் ஸ்பீக்கர் முன்பே கெட்டிருந்தது. அது தீர்ந்தது தெரியாமலே நாற்பது நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அம்மா காபி கொண்டுவந்து வைத்த டம்ளர்ச் சத்தம் காதில் விழுந்தபோதுதான், டம்ளர் எப்படிக் கேட்கிறது, பாட்டு எங்கே போயிற்று என்று புரிந்தது. ஒன்றும் ஆகவில்லை. இடி விழவில்லை. அப்படியா சங்கதி என்று நினைத்துக்கொண்டு காபியைக் குடித்தான், ஹெட்போனைச் சார்ஜில் போட்டான். அந்த இடத்தில்தான் ஏதோ ஒன்று மரத்துப்போனது என்று இப்போது தோன்றுகிறது, அன்றைக்கு அது கூடத் தோன்றவில்லை.

அம்மா கண்டது என்ன, காதில் ஹெட்போனும் கண்ணில் பாட்டுக்காரனுமாகப் பிள்ளை. அப்பா போன பிறகு வீட்டில் இருப்பது இரண்டு பேர், அதில் ஒருத்தர் எந்நேரமும் பாட்டுக் கேட்கிறார். வந்த வரனையெல்லாம் அவன் தட்டிக்கழிக்க, பாவம், அவள் உட்கார்ந்து யோசித்து ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தாள். எம் பையனுக்குச் சங்கீதம்னா உசுரு, பாடத் தெரிஞ்ச புள்ளையா இருந்தாத்தான் புடிக்கும் என்று தரகரிடம் சொல்லிவிட்டாள். படிப்பு, நிறம், உயரம் எல்லாம் அப்புறம். இரண்டு வருஷம் அந்தத் தரகர் கோயம்புத்தூருக்கும் உடுமலைக்கும் நடுவில் பாடுகிற பெண்ணாகத் தேடினார். இதைவிட அன்பாக ஒரு தாய் தப்புப் பண்ண முடியுமா. அவள் மேல் கோபப்படலாம் என்று பார்த்தால் கோபமும் வரவில்லை. சிரிப்பு வரலாம், அதற்கு மீசை காய வேண்டும்.

சுடர்க்கொடி பாடினாள். போன ஞாயிறு, பொள்ளாச்சியில், அவர்கள் வீட்டுக் கூடத்தில். முப்பத்துமூன்று வயது, காலேஜில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறாள், சின்ன வயதிலிருந்து பாட்டு. அப்பா தமிழ் வாத்தியார், அதனால் அந்தப் பெயர். முருகன் மேல் ஒரு பாட்டு, சுத்தமாகப் பாடினாள், நல்ல குரல் என்று அவன் மண்டைக்குள் ஒரு பேனா எழுதிக்கொண்டது. அவ்வளவுதான். கம்பெனியில் ஓடுகிற பம்பின் பக்கத்தில் நின்று அதிர்வு சரியாக இருக்கிறது என்று குறிப்போமே, அதே பேனா. கூடத்தில் எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவன் தரையில் இருந்த பிளாஸ்டிக் பாயின் ஓரத்தைப் பார்த்தான். மாப்பிள்ளைக்கு யார் பாட்டு இஷ்டமுங்க என்று அவள் அப்பா கேட்டார். யாராவது ஒரு நம்ம ஊர்ப் பெயரைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். நாலாயிரம் பெயர் இருக்கிறது. வாயில் இராக்லி வந்துவிட்டது. அது யாருங்க என்றார் அவர். குருபரன் சொன்னான். எவ்வளவு நேரம் சொன்னான் என்று தெரியவில்லை. காபி ஆறிப்போயிருந்தது. அம்மா பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தாள், என் பையனுக்கு வெளிநாட்டுச் சங்கீதம்கூட அத்துப்படி என்று. சுடர்க்கொடி மட்டும் சிரிக்காமல் அவனையே பார்த்தாள். அந்தப் பார்வை ஒரு வாரமாக அவனோடு ஆபீஸுக்கு வந்து போகிறது.

போன் மடியில் துணிக்கு அடியில் அதிர்ந்தது. அம்மா. காலையில் குலதெய்வம் கோயிலுக்குப் பூக்கேட்கப் போயிருந்தாள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், எது எது என்று தெரியாதபடி இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை என்றால் சாமிக்குச் சம்மதம். மூன்று வருஷமாக அவன் வரன் விஷயத்தில் சிவப்புத்தான் வந்துகொண்டிருந்தது, சிவப்பு வரும்போதெல்லாம் அம்மா அழுவாள், அவன் கோயிலுக்குப் போகாமலே அந்தச் சாமிக்கு நன்றி சொல்லுவான். போனைக் காதுக்குப் பக்கத்தில், சாயத்தில் படாமல் பிடித்தான்.

“ஆத்தா வெள்ளப் பூ குடுத்துட்டாடா சாமி” என்றாள் அம்மா. மணிச் சத்தமும் யாரோ தேங்காய் உடைக்கிற சத்தமும் கேட்டது. “அவிய வீட்டுக்குச் சரீன்னு சொல்லீரட்டுமா?”

கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்த மயில்சாமி கண்ணாடி வழியாகப் பார்த்து, பேச வேண்டாம் என்று விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். குருபரன் “ம்” என்றான். முப்பத்தாறு வருஷத்தை முடிக்க ஓர் எழுத்து போதுமானதாக இருந்தது. அம்மா சந்தோஷத்தில் என்னென்னவோ சொல்லிவிட்டு வைத்தாள். இதற்கு மேல் என்ன நடக்கும் என்று அவனால் வரிசையாகப் பார்க்க முடிந்தது, வெள்ளிக்கிழமை உப்புச் சர்க்கரை, வைகாசியில் முகூர்த்தம், ஒரே அறை, ஒரே கட்டில், அந்தப் பெண் ஒரு பக்கம் படுத்துப் பாடம் எடுக்கத் தயார் செய்துகொண்டிருப்பாள், அவன் ஒரு பக்கம் ஹெட்போனோடு, பத்து வருஷம், இருபது வருஷம், அவள் தன்னிடம் என்ன குறை என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருப்பாள். இது ஒரு பெண்ணுக்குச் செய்கிற அநியாயம் என்று நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் அது யாரோ அடுத்த தெருவில் செய்கிற அநியாயம் மாதிரி இருந்தது. இராக்லி ஒரு நாடகத்தில் மகளைப் பறிகொடுத்துவிட்டு மேடை நடுவில் மண்டியிடுவார், முதுகு மட்டும் குலுங்கும், ஈரச் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். அவ்வளவு பெரிய துக்கத்திலும் அவன் பார்த்தது அந்த முதுகைத்தான். அந்த மகள் செத்துக் கிடப்பதைக் குருபரன் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இப்போது அது உறுத்தியது, கொஞ்சமாக, சட்டைக் காலருக்குள் விழுந்த மயிர்த்துண்டு அளவுக்கு.

போன் மறுபடி அதிர்ந்தது. தெரியாத நம்பர். எடுத்தான்.

“நான் சுடர்க்கொடி பேசறனுங்க. இப்பத்தான் உங்கம்மா போன் பண்ணுனாங்க. எங்கப்பா பக்கத்துல இல்லைங்க, மாடிக்கு வந்துட்டேன்.” மூச்சு வாங்கியது அவளுக்கு. “உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ஆமா இல்லைன்னு சொன்னாப் போதும்.”

“ம்” என்றான்.

இராக்லியைத் தேடிப் பார்த்தேன் என்றாள். மூன்று நாள் பார்த்தாளாம். நல்லாத்தான் பாடுகிறார், ஆனால் குருபரன் அவரைப் பற்றி அன்று கூடத்தில் சொன்னதில் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்றாள். நின்ற நிலையைச் சொன்னீர்கள், கழுத்தைச் சொன்னீர்கள், புருவத்துத் தழும்பைச் சொன்னீர்கள், அந்தத் தழும்பு எனக்கு நாலாவது வீடியோவில்தான் கண்ணில் பட்டது. இதையெல்லாம் அவள் வகுப்பில் கணக்குப் போட்டுக் காட்டுகிற நிதானத்தில் சொன்னாள். தன்னைப் பெண் பார்க்க வந்தவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே தனக்கு ஒரு படிப்பு வந்துவிட்டது என்றும் சொன்னாள், லேசாகச் சிரித்தாள்.

“நான் பாடுனப்ப உங்க மூஞ்சி கல்லாட்டத்தான் இருந்துச்சுங்க. அந்தாளப் பத்திப் பேசறப்பத்தான் உசுரு வந்துச்சு. எனக்கு அது கோவமில்லைங்க. ஆனா அது அப்படித்தானான்னு மட்டும் தெரியோணும்.”

சாயம் உதட்டோரத்தில் இறங்கியது. கசந்தது. கண்ணாடியில் இருந்த அத்தனை குருபரன்களும் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். இல்லை என்று சொன்னால் இவள் நம்பிவிடுவாளா, மாட்டாள். ஆமாம் என்று சொன்னால் என்ன ஆகும், தரை பிளக்குமா. “ஆமாங்க” என்றான். தரை அப்படியே இருந்தது, அதில் மயில்சாமி கூட்டித் தள்ளாத முடி கிடந்தது.

அவள் மாடிக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம், சரிங்க, நானே வேண்டாம்னு சொல்லிடறேன், எனக்குப் பிடிக்கலைன்னு சொல்லிக்கறேன் என்றாள். உங்களைப் பற்றி அப்பாவிடம் வாய் திறக்க மாட்டேன், பயப்படாதீங்க என்றாள். அவன் சரி என்றான். நன்றி என்றுகூடச் சொல்லத் தோன்றவில்லை. போனை வைத்த பிறகுதான், முப்பத்துமூன்று வயதுப் பெண், அதுவும் வீட்டார் சரி என்று சொன்ன அன்றைக்கே, சாமி பூக்கொடுத்த அன்றைக்கே, மாப்பிள்ளை பிடிக்கவில்லை என்று சொன்னால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்தான். அவள் அப்பா சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே கேட்பார். அவள் அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்காருவாள். அவள் ஒரு காரணமும் சொல்லாமல் நிற்பாள். இவனுக்கு வர வேண்டிய அடி முழுவதையும் அவள் வாங்கிக்கொண்டிருக்கிறாள், இவன் ஃபேனுக்கடியில் சாயம் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவை அவனுக்கே பிடிக்கவில்லை, ஆனாலும் அது போகவில்லை. பொண்ணு வீடுங்களா என்று மயில்சாமி கேட்டார். குருபரன் தலையை ஆட்டினான். அமைஞ்சா எல்லாஞ் சரியாப் போயிருமுங்க என்று சொல்லிவிட்டு அவர் டிவியில் ஓடிய கிரிக்கெட்டைப் பார்க்கத் திரும்பினார்.

பத்து நிமிஷம் இருக்கும். அல்லது இரண்டு. அம்மா கூப்பிட்டாள். அவள் குரல் கோயிலில் இருந்த குரலாக இல்லை. அந்தப் பெண் வேண்டாம் என்றுவிட்டாளாம், பெற்றவர்களே கூனிக் குறுகிப் பேசினார்களாம். சாமி கொடுத்த பூவைக் காலில் போட்டு மிதித்துவிட்டாள் என்றாள். முப்பத்துமூன்று வயது வரைக்கும் ஏன் நிற்கிறாள் என்று இப்போதுதான் புரிகிறது, எவனோ இருக்கிறான், காலேஜுக்குப் போகிறவள்தானே என்றாள். தரகரிடம் சொல்கிறேன், நாலு பேரிடம் சொல்கிறேன், இனி எந்த வீட்டுக்காரன் அந்த வாசலை மிதிக்கிறான் பார்க்கிறேன் என்றாள். அம்மா இப்படியெல்லாம் பேசுகிறவளே இல்லை. பிள்ளையை வேண்டாம் என்றதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சொன்னால் செய்வாள். தரகர் வாயில் ஒரு முறை விழுந்தால் உடுமலை வரைக்கும் போய்விடும். சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் போதும், ஐந்து நிமிஷத்தில் அம்மா அழுது ஓய்ந்துவிடுவாள், சாயந்தரம் காபி குடிக்கலாம், ஹெட்போனில் சார்ஜ் இருக்கிறது.

“அந்தப் புள்ளையச் சொல்லாதம்மா” என்றான். தான் சொன்னது தனக்கே கேட்டது.

“ஏஞ் சொல்லக்கூடாது? உன்னைய வேண்டாங்கறதுக்கு அவ யாரு?”

“எனக்காகத்தான் அது அப்படிச் சொல்லுச்சு. எவனும் இல்ல. அதுமேல ஒரு குத்தமும் இல்ல.”

“உனக்காகவா?” அம்மாவின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. “எதுக்கு சாமி? அவகிட்ட நீ என்ன சொன்ன?”

மயில்சாமி எழுந்து வந்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, ஈரத் துண்டின் நுனியால் அவன் உதட்டோரத்தைத் துடைத்துவிட்டார், பிறகு டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு வாசலுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். குருபரன் சொன்னான். பம்பு ஓட்டத்தை அளந்து சொல்லும்போது இருக்கிற அதே குரலில், ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் சொன்னான்.

“எனக்குப் பொம்பளைங்க மேல ஆசை வந்ததே இல்லம்மா. ஆம்பளைங்க மேலதான் வருது. சின்னதுலருந்தே அப்படித்தான். எந்தப் புள்ளையக் கூட்டிட்டு வந்தாலும் இதேதான்.”

பஸ் ஒன்று போனது, அது அம்மா இருக்கிற இடத்திலா, கடைக்கு வெளியிலா என்று தெரியவில்லை. அவள் எங்கே நிற்கிறாள், வீட்டுக்கு வந்துவிட்டாளா, வழியில் நிற்கிறாளா, வெயிலிலா, கையில் அந்தப் பூப் பொட்டலம் இருக்கிறதா. போன் திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. நாற்பது. ஒரு நிமிஷம். சொன்னது அவளுக்குப் புரிந்ததா, புரியாமல்தான் யோசிக்கிறாளா, திரும்பவும் சொல்ல வேண்டுமா, திரும்பச் சொல்லத் தன்னால் முடியுமா. அவளுக்குப் பேச ஒன்றும் இருக்காது, தானே கட் பண்ணிவிட்டால் அவளுக்கும் சுலபம் என்று நினைத்துப் போனைக் காதிலிருந்து எடுத்தான். விரல் அந்தச் சிவப்பு வட்டத்துக்கு மேலே வந்துவிட்டது. அப்போதுதான் அம்மாவின் குரல் தூரத்தில் கேட்டது.

“போன வெச்சராத, சாமி.”

அவன் வைக்கவில்லை.